வயல் பார்க்க வந்தவர்

ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில், சரக்கு ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே, லிசி எட்டடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். ‘எம்.பி.ஏ. பட்டம் வென்ற எங்கள் அண்ணி’ என்று மேலே சிவப்பு எழுத்து. கீழே ஸ்டாண்டுக்காரர்களின் தலைகள் வரிசையாக. படம் ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற கணவன் பெனடிக்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவன் விரல்கள் மட்டும் அவள் தோளில் மிச்சம் இருந்தன.

நம் ஊரில் ஒருவர் படித்துத் தேறினால் அது அவரோடு நிற்பதில்லை. காது குத்துக்கே பிளெக்ஸ் வைக்கிற ஊர், எம்.பி.ஏ.வுக்கு வைக்காமல் இருக்குமா? பெனடிக்டும் அந்த ஸ்டாண்டுக்காரன்தான். விடியுமுன்னே காந்தி மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டிப் போய் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். அவன் கூட்டாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிட்டார்கள். மாநகராட்சி வந்து அவிழ்க்கிறவரை அது நிற்கும்.

அதெல்லாம் சரி. வினை எங்கே இருந்தது என்றால், லிசியின் முதுகுக்குப் பின்னால். அங்கே ஒரு சிவந்த கோபுரம் எழும்பி நின்றது. திருச்சியில் பிறந்த குழந்தைக்குக்கூட அது எந்தக் கோபுரம் என்று தெரியும். நகரத்தின் பழைய, பெரிய கல்லூரியின் கோபுரம். லிசி அந்தக் கல்லூரியின் கேட்டைத் தாண்டி உள்ளே போனதே கிடையாது.

இதில் பிளெக்ஸ் கடை விக்டரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. லிசி படித்தது வடக்கே எங்கோ இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், ஆன்லைனில். கம்பெனிக்காரர்கள் வியாபாரமாக நடத்துவது. அதன் வெப்சைட்டை விக்டர் மேலும் கீழுமாகத் தேடியிருக்கிறான். லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கும் பெண்கள்தான் அகப்பட்டார்கள், ஒரு கட்டடம் அகப்படவில்லை. கட்டடம் இல்லாமல் படிப்பு பிளெக்ஸ் போட்டால் அது மூக்குத்தி விளம்பரம் மாதிரி இருக்கும் என்பது விக்டரின் தொழில் ஞானம். ஆகவே கைக்கு அகப்பட்ட கோபுரத்தை எடுத்து ஒட்டிவிட்டான்.

அந்த வாரம் சனிக்கிழமை ரங்கநாதரைச் சேவிக்க வந்த பிச்சை, காரை நிறுத்தச் சொல்லி அந்தப் பிளெக்ஸை முழுசாகப் படித்துவிட்டுப் போனார்.

பிச்சை மருங்காபுரிப் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பத்துக்காரர். தலைச்சுமையாக விதை விற்கத் தொடங்கி, இன்று மன்னார்புரத்தில் மூன்று மாடியில் விதைக் கம்பெனி நடத்துகிறார். லிசி அங்கே ஆர்டர் எடுக்கும் மேசையில் வருஷக்கணக்காக இருக்கிறாள். இப்போது மேனேஜர் நாற்காலி காலி. எம்.பி.ஏ. படித்த ஆள்தான் வேண்டும் என்று ஆடிட்டர் ஒற்றைக்காலில் நின்றார். கம்பெனிக்குள் எம்.பி.ஏ. முடித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி லிசி. இன்னொருவன் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த மாதவன். அவன் ஒரு பழைய அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் படிப்பில் தேறியவன்.

அந்த நாற்காலி மேல் லிசிக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆசையைவிடப் பெரியது பெனடிக்டின் முதுகு. எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் மூட்டையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன. அவன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தொட்டுக்கொண்டுதான் இருந்தான். அவள் மேனேஜர் ஆனால் அவன் அந்த வேலையை விட்டுவிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் பிச்சை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆடிட்டர் இருந்தார், மாதவனும் இருந்தான். பிச்சையின் முகம் பூரித்துக் கிடந்தது.

“ஏம்மா லிசி, அந்தக் காலேஜ்லயா எம்.பி.ஏ. முடிச்ச? ஒரு வார்த்தை சொல்லலியே. ஆன்லைன்னு வேற யாரோ சொன்னாங்க. ஆன்லைன்னா என்ன, நடத்துறது யாருங்கிறதுதானே முக்கியம்.”

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். வாய் திறந்து பொய்கூடச் சொல்ல வேண்டாம். பெனடிக்டின் பெல்ட் அவள் கண் முன்னால் வந்து போனது. மாதா சத்தியமாக அவள் தலையை ஆட்டத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் கோபுரத்தைப் பார்த்த நாள் முதல் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷம் கண் எரியப் படித்ததை யாரோ கோபுரத்துக்குத் தாரை வார்த்துவிட்ட எரிச்சல்.

“இல்லைங்கய்யா. அது பிளெக்ஸ் கடைக்காரர் தெரியாம ஒட்டுன படம்,” என்று சொல்லி, பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொன்னாள்.

பிச்சையின் முகத்தில் இருந்த பூரிப்பு வடிந்தது. அவருக்குக் காரணம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். முன்பு ஒருமுறை அதே மாதிரி ஒரு கம்பெனிப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பார்த்து ஒருவனை வேலைக்கு வைத்தார். வருகிற மழையையும் போகிற லாரியையும் கணக்குப் பார்க்கத் தெரியாத ஆள். விசாரிக்கலாம் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது; அடுத்த மாதம் அந்த எண்ணே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகுமா? கேழ்வரகில் நெய் வடிகிறது என்று டி.வி.யில் சொன்னால் ஜனங்களுக்கு மதி எங்கே போச்சு என்று அன்றிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவள் படிப்புக்கு முறையான அனுமதி இருக்கிறது, சட்டப்படி இவள் பட்டமும் மாதவனுடையதும் ஒன்றுதான் என்று ஆடிட்டர் மெல்ல எடுத்துக் கொடுத்தார். பிச்சை அதைக் காதில் வாங்கவில்லை. மாதவன் பக்கம் கை காட்டி, அவன் படித்த பல்கலைக்கழகம் தன் அப்பா காலத்திலிருந்து நிற்கிறது, பஸ்ஸில் போனாலே கட்டடம் தெரியும் என்றார். மாதவன் நல்ல பிள்ளை. அந்தக் கட்டடத்தைத் தானும் பஸ்ஸில் போகும்போதுதான் பார்த்திருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். அதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“தப்பா நினைக்காதம்மா. வெளைஞ்ச வயலைப் போய்ப் பாக்காம நான் ஒரு பிடி வெதை வாங்குனதில்ல. பாக்கெட்டுல என்ன வேணா அச்சடிக்கலாம். உன் படிப்புக்கு வயல் எதுன்னே தெரியலையே?”

இது உண்மை. கத்தரி விதை வாங்கவே நாலு ஜில்லா தாண்டிப் போய், வரப்பில் நின்று, மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுவார். கம்பெனி முழுக்க அதைச் சொல்லிச் சிரிக்கும். லிசியும் சிரித்திருக்கிறாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு முன்யோசனை கிடையாது.

“வயல் இருக்குங்கய்யா. ஸ்ரீரங்கத்துலதான். வந்து பாருங்க.”

பிச்சை அவளை ஏற இறங்கப் பார்த்தார். சனிக்கிழமை தரிசனம் முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

வாயைக் கொடுத்துவிட்டு லிசி அன்று சாயங்காலம் நேரே அஃப்ஷீனிடம்தான் ஓடினாள்.

அஃப்ஷீன் லேடீஸ் டெய்லர். ரயில் நிலைய ரோட்டில், செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை, அதுதான் கடை. லிசியின் வீடு அதற்குப் பின் சந்தில். அதுவும் ஒற்றை அறைதான். விடியுமுன்னே எழுந்து போகிற பெனடிக்ட் ஏழரை மணிக்கெல்லாம் படுத்துவிடுவான். அவன் படுத்தால் லைட்டை அணைத்தாக வேண்டும். லிசி முதலில் வாசலில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் வகுப்பு கேட்டுப் பார்த்தாள். கொசு கேட்கவிடவில்லை. மழைக்கால ஒரு நாளில் குடைக்குள் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தவளை, கடை பூட்டிவிட்டு அந்தப் பக்கமாய்ப் போன அஃப்ஷீன் பார்த்தாள். மறுநாள் முதல் அந்த மாடி லிசிக்குத் திறந்தே இருந்தது. வாடகைப் பேச்சு எடுத்தபோது, ‘நீங்க வேணா எங்கிட்ட ஒரு ஜாக்கெட் தைக்கக் குடுங்க, போதும்’ என்று சொல்லிவிட்டாள். லிசி அந்த ஒரு ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டு எம்.பி.ஏ.வே முடித்துவிட்டாள்.

முதலாளி வருகிறார் என்றதும் அஃப்ஷீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அலமாரி ஒன்று இரவல் வாங்கி, பக்கத்து வீட்டு வக்கீலின் தடித்தடி புத்தகங்களை அடுக்கிவிடலாம் என்றாள். சுவரில் உலக வரைபடம் மாட்டலாம் என்றாள். லிசி வேண்டாம் என்றாள். ஒரு கோபுரத்தால் பட்டது போதும், இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும் என்றாள். “சரி, பெருக்கவாச்சும் விடுவீங்களா அக்கா?” என்று கேட்டு, அஃப்ஷீன் துணி நறுக்குகளை எல்லாம் கூட்டி அள்ளினாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பிச்சை வந்தார். நெற்றியில் திருமண், கையில் துளசி, முழங்காலில் வலி. குறுகலான மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உள்ளே வந்ததும் உட்காரவில்லை. வயலில் எப்படி நடப்பாரோ அப்படியே நடந்தார். தையல் மிஷின்களைப் பார்த்தார். துணி வெட்டும் மேசையைத் தட்டினார். லிசி உட்கார்ந்து படித்த பிளாஸ்டிக் நாற்காலியை அழுத்திப் பார்த்தார். அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்த துணி இருந்தது. மேலே தொங்கிய ஜாக்கெட்டுகள் தலையில் இடித்தன. எங்கே வெளிச்சம், எங்கே காற்று என்றெல்லாம் பார்த்துவிட்டு, அஃப்ஷீன் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கம்மா. இந்தப் பொண்ணு நெசமாவே படிச்சுச்சா? இல்ல போனை ஓடவிட்டுட்டுத் தூங்குச்சா?”

அஃப்ஷீன் தன்னைத் தூக்கி வைத்துப் பேசப்போகிறாள் என்று லிசி பயந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

தூங்கியதுண்டு, எத்தனையோ நாள் தூங்கியதுண்டு என்றாள் அஃப்ஷீன். வேலை முடித்து, பஸ் பிடித்து, சோறாக்கி வைத்துவிட்டு வருகிறவள் தூங்காமல் என்ன செய்வாள்? தூங்கினால் ஸ்கேலால் முதுகில் குத்துவேன். திட்டிக்கொண்டே எழுந்து விட்ட இடத்திலிருந்து மறுபடி போட்டுக் கேட்பாள். ஒரே பாடத்தை அத்தனை தடவை கேட்டு எனக்கே தலைவலி வந்திருக்கிறது என்றாள். பிச்சை உதட்டோரம் சிரித்தார். ஆனால் அவர் விதை வியாபாரி. சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“பரீட்சையும் இங்கதான் நடந்துச்சாம். பக்கத்துல ஆள் உக்காந்து சொல்லிக் குடுத்திருந்தா யாருக்குத் தெரியும்?”

அஃப்ஷீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“நான் உள்ளயே வரலைங்க. பரீட்சை முடியுற வரைக்கும் கேமரா பாத்துக்கிட்டே இருக்கும். ரூம்பு முழுக்கச் சுத்திக் காட்டச் சொல்லுவாங்க. வேற ஆள் தலை தெரிஞ்சாலோ சத்தம் கேட்டாலோ பரீட்சை போச்சு. அதனால மிஷினை நிறுத்திட்டு, கதவைச் சாத்திட்டு, வெளிய அந்த மேல் படியிலதான் உக்காந்திருந்தேன்.”

“தையல் வேலை?”

“நிறுத்திட்டேன்னு சொல்றேனே. அக்காவோட கடைசிப் பரீட்சை நோன்பு மாசத்துல வந்துச்சு. பெருநாள் துணி மலையாக் கெடந்துச்சு. வந்தவங்களை எல்லாம் கையைக் காட்டி, சத்தம் போடாதீங்கன்னு திருப்பி அனுப்புனேன். அன்னிக்குன்னு பாருங்க, பாங்கு சொல்லிட்டாங்க, நோன்பு தொறக்கத் தண்ணியும் பேரீச்சம்பழமும் உள்ள மேசை மேல இருக்கு. மறந்து வெச்சுட்டு வந்துட்டேன். கதவைத் தொறந்தா கேமராவுல விழுந்துடுவேனே. கீழ பூ விக்கிற சகாயம்மாள் அக்காதான் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. அதைக் குடிச்சு நோன்பு தொறந்துட்டு உக்காந்திருந்தேன்.”

அவள் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. காப்பி அடிக்கச் சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்டவருக்குக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி, கோபமாகச் சொன்னாள்.

லிசி சுவரில் சாய்ந்துகொண்டாள். இது அவளுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அந்தப் பரீட்சை நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. எட்டு மணிக்கு முடித்து, நன்றாக எழுதிவிட்ட குஷியில், பசி வயிற்றைக் கிள்ள, மேசை மேல் இருந்த டப்பாவைத் திறந்து அதிலிருந்த பேரீச்சம்பழத்தை ஒன்று விடாமல் தின்றுவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். வெளியே உட்கார்ந்திருந்த அஃப்ஷீன் காலி டப்பாவைப் பார்த்து, ‘பசிச்சுச்சா அக்கா?’ என்று கேட்டுச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். பகலெல்லாம் பட்டினி கிடந்தவளின் பழம் அது என்று இவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது அவளுக்கு அழுகை வந்தது. முதலாளி நிற்கிறாரே என்று பார்க்காமல் அழுதாள். இத்தனை நாளும் தான் ஒண்டியாளாகப் படித்துக் கிழித்ததாக அல்லவா நினைத்திருந்தாள்!

“ஏன்டீ சொல்லல?” என்று மட்டும் கேட்டாள்.

“இதுல சொல்ல என்னக்கா இருக்கு? பரீட்சை நல்லபடியா முடியணும்னு துஆ கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். முடிஞ்சிருச்சு.”

பிச்சை வெளியே போய், அந்த மேல் படியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஆள் உட்காரக்கூட அகலம் போதாத படி. பிறகு கையிலிருந்த துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“வயல் நல்லாருக்கும்மா. நல்லாத் தண்ணி பாஞ்சிருக்கு,” என்றார்.

இறங்குமுன் இன்னொன்றும் சொன்னார். மாதவனின் வயலையும் பார்க்காமல் முடிவு சொல்வது நியாயம் இல்லை என்றார். பழைய பல்கலைக்கழகம் என்றதும் அவனை இதுவரை ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே என்று தன்னைத்தானே கடிந்துகொண்டார். மனிதர் நியாயஸ்தர்தான், நியாயம் அவரிடம் வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதவன் அவரை முக்கொம்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கல் பெஞ்சைக் காட்டினானாம். ஆற்றுக் காற்றில் உட்கார்ந்து, பாடத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் தேறினேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டானாம். வயல் குளுகுளுவென்றுதான் இருக்கிறது, ஆனால் களை எடுக்க ஆளில்லை என்றாராம் பிச்சை. இதை மாதவனே திங்கட்கிழமை காலையில் லிசியிடம் சொல்லிச் சிரித்தான். அன்று மத்தியானமே ஆர்டர் வந்தது: லிசி மேனேஜர், அவளுக்குக் கீழே சரக்குப் பிரிவு முழுக்க மாதவன் பொறுப்பு.

ஆர்டரைக் கையில் கொடுக்கும்போது பிச்சை, அந்தக் கம்பெனிப் பல்கலைக்கழகத்தை நான் இன்னும் நம்பவில்லை, இன்னொருத்தர் அதே பட்டத்தோடு வந்தால் அவர் வயலையும் போய்ப் பார்ப்பேன் என்று கறாராகச் சொன்னார். பார்க்கத்தானே வேண்டும் என்று லிசியும் சொன்னாள். பழைய பல்கலைக்கழகத்துக்காரர் வந்தாலும் பார்க்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னாள். மேனேஜர் ஆகி அரை நிமிஷத்தில் முதலாளிக்கே யோசனை. அவர் சிரித்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் பெனடிக்ட் மூட்டை தூக்குவதை நிறுத்தினான். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று கிடைத்தது. இப்போது வீட்டில் ஒன்பது மணிவரை லைட் எரிகிறது.

லிசிக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது. விக்டரின் கடைக்குப் போய், கோபுரத்தை எடுத்துவிட்டு வேறு பிளெக்ஸ் போடச் சொன்னாள். இந்தத் தடவை காசு அவளுடையது. கோபுரத்தை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைப்பது என்று விக்டர் கவலைப்பட்டான். லிசி போனைத் திறந்து தான் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள்: செல்போன் ரிப்பேர் கடை, அதன் பக்கத்தில் சுண்ணாம்பு உதிர்ந்த மாடிப்படி, மேலே பச்சைக் கதவு. கீழே எந்தக் காலேஜ் என்று போடட்டும் என்று விக்டர் கேட்டான். ‘அஃப்ஷீன் லேடீஸ் டெய்லர், மாடியில்’ என்று போடச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான், ஆனாலும் போட்டான்.

பிளெக்ஸ் கட்டிய அன்று சாயங்காலம் ஸ்டாண்டே கூடி நின்றது. இது என்ன காலேஜ் என்று ஒருவன் கேட்க, உங்க அண்ணி படித்த காலேஜ்தான் என்றான் பெனடிக்ட். இந்தத் தடவை அவனை யாரும் வெட்டவில்லை. லிசிக்குப் பக்கத்தில் முழுசாக நின்றான். சகாயம்மாள் பூக்கூடையை வைத்துவிட்டு வந்து, படத்தின் ஓரத்தில் தன் பூக்கடைக் குடை தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது.

அஃப்ஷீன் கடையைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தாள். எட்டடி உயரத்துக்குத் தன் கதவும் தன் படியும் நிற்பதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். லிசி ஒரு டப்பாவை அவள் கையில் வைத்தாள். திறந்தால் பேரீச்சம்பழம், விளிம்பு வரை.

“நோன்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கேக்கா,” என்றாள் அஃப்ஷீன்.

“தெரியும். இது அன்னிக்கு உள்ளது,” என்றாள் லிசி.

அஃப்ஷீன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை லிசியின் வாயில் திணித்தாள். இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்று மென்றார்கள்.